மூன்றாம் பக்கத்து டெல்பர்ட்

டெல்பர்ட் ஹஸ்கின்ஸுக்குத் தலை கிறுகிறுத்தது. கொலராடோவின் ப்யூப்லோ நகரத்தில் டயர் கடையில் வேலை. பன்னிரண்டு வருடமாக வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இருந்தும் மூன்று வீட்டுக்காரர்கள் அவனுடைய அறிக்கையைப் பார்த்ததும், "வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம்பா" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

அறிக்கை என்றால் வாடகைக்கு வருகிறவனின் ஜாதகம். வேலை, கடன், வழக்கு எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை எடுத்தால் முப்பது நாளைக்கு எந்த வீட்டுக்காரரிடமும் காட்டலாம். மறுபடி சோதிக்கக் கட்டணம் கேட்கக் கூடாது. நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அதில் ஒரு தப்பு இருந்தால் அதுவும் முப்பது நாளைக்கு வீடு வீடாகக் கூடவே வரும். நம் ஆளோ முதல் பக்கத்தில் 'வருமானம் சரி' என்று பார்த்ததுமே மூடி வைத்துவிட்ட மகராசன்.

வெள்ளிக்கிழமைக்குள் தனி அறை உள்ள வீடு காட்டினால்தான் மகள் மேஸி அவனோடு இருக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வியாழக்கிழமை மேஸியையும் கூட்டிக்கொண்டு நான்காவது வீட்டுக்குப் போனான். வீட்டுக்காரி ரோண்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றாம் பக்கத்துக்கே போய்விட்டாள்.

"என்னப்பா இது? எல்ம் தெரு வீட்டுலேருந்து கோர்ட்டு உன்ன வெளியேத்திருக்கே!"

"என்னையா? அந்த வீட்டுல நான் இருந்ததே இல்லைங்க!"

"பேரு உன் பேருதானே?"

"ஆமா..."

"அப்ப இருந்தது யாரு, உன் ஆவியா?"

அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. குடித்துத் திரிந்த காலத்தில் எங்கெங்கோ படுத்திருக்கிறான். ஐயையோ, அங்கேயும் இருந்தோமோ?

"பொறு, உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தாறு."

"இந்த ஆளுக்கு எழுபத்திரண்டு போட்டிருக்கு."

டெல்பர்ட் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "ஐயோ, இது எங்க அப்பாங்க! அவருக்கும் இதே பேருதான்." அவனுக்குப் பதினைந்து வயதில் விட்டுப் போனவர், டெக்சாஸில் இருப்பதாக அல்லவா நினைத்தான்? எல்ம் தெருவோ அவனுடைய டயர் கடையிலிருந்து நடக்கிற தூரம்.

"அப்பா பேர புள்ளைக்கு வெச்சா 'ஜூனியர்'னு போட மாட்டீங்களா?"

"இருந்துச்சுங்க. அவரு போனதும் நான்தான் எல்லாத்துலயும் எடுத்துட்டேன்."

"நல்ல ரோஷம் போ! அறிக்கை கொடுத்த கம்பெனிக்குத் திருத்தச் சொல்லி எழுது. விசாரிக்க ஒரு மாசம் இழுப்பாங்க, அதுக்குள்ள அறிக்கையே காலாவதியாயிடும். நான் உன் டிரைவிங் லைசென்ஸ்ல பொறந்த தேதி பாத்துக்கறேன். ஆனா ஒப்பந்தத்துல 'ஜூனியர்'னு போடணும். இல்லன்னா வீடு இல்ல."

உள்ளே மேஸி கட்டில் எங்கே போடலாம் என்று காலடி வைத்து அளந்துகொண்டிருந்தாள். அந்த மனிதரின் மகன் என்று எழுத அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எது முதலில் என்று அவனுக்கே புரியவில்லை. எழுதினான். ரோண்டா சாவியைக் கொடுத்தாள்.

அதற்குள் மேஸி வந்து மேசை மேல் இருந்த மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டாள்.

"இது தாத்தாவாப்பா?"

"ஆமாடா கண்ணு."

"டிசம்பர்லயா வெளிய அனுப்பினாங்க? குளிருமேப்பா."