அக்கா எழுதிய அந்தப் பெண்

துணி திருத்தும் கடையில் தங்கைக்குப் பின்னறைதான். கால்சட்டையின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் அவள் கைவேலை. அளவெடுக்கும் முன்மேசையில் உட்கார அவளுக்கு வெகுநாள் ஆசை. முதலாளியம்மா விட்டதில்லை. இறந்த கணவரின் கோட்டை மகனுக்காகச் சிறிதாக்கக் கொண்டுவந்த ஓர் அம்மாளிடம் ஒருமுறை தங்கை, "ரொம்ப சந்தோஷம், இதே மாதிரி அடிக்கடி வாங்க" என்று சொல்லியிருந்தாள்.

வாயுள்ள பிள்ளை அவளுடைய அக்கா. அந்த அக்கா ஒரு கொலைக்கதை எழுதி அச்சிலும் கொண்டுவந்துவிட்டாள். கதாநாயகி பின்னறைத் தையல்காரி. எங்கே போனாலும் எதையாவது உளறுவாள். செத்தவனின் கால்சட்டையில் கால்மடிப்பு வேறு நூலால் தைக்கப்பட்டிருப்பதைக் கண்டு கொலைகாரனைப் பிடிப்பாள். அந்த நூல் விஷயம் தங்கை சோறு தின்றுகொண்டே சொன்னது. "அடிக்கடி வாங்க" என்பதும் எழுத்து மாறாமல் கதையில் இருந்தது.

புத்தகம் ஊரெல்லாம் பரவியது. பின்னறைத் திரைக்கு அப்பாலிருந்து வாடிக்கையாளர்களின் பேச்சு தங்கையின் காதில் விழுந்தது.

"என்ன வெகுளிம்மா அந்தப் பொண்ணு. அப்படியே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம் போல இருக்கு."

அதே உளறலுக்குத் தங்கைக்குக் கிடைத்தது பின்னறை. காகிதத்தில் இருப்பவளுக்குக் கொஞ்சல்.

அன்று மாலை அக்காவிடம் கேட்டாள்: "அடுத்த கதையில அவளைக் கொன்னுடேன்."

"அவளையா? படிக்கிறவங்க என்னை உரிச்சு உப்புத் தடவிடுவாங்கடி. அவ மேல எல்லாருக்கும் அவ்வளவு பிரியம்."

"உனக்கு?"

"எனக்கும்தான். பெத்த பிள்ளை மாதிரி."

தங்கை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அக்கா இவளைப் பற்றி யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. சொந்தக்காரர் வந்தால், "நீ உள்ள இரு" என்பதுதான் வழக்கம்.

மறுவாரம் முதலாளியம்மா கையில் புத்தகத்தோடு பின்னறைக்கு வந்தார். அட்டையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், சிரித்தார்.

"ஏண்டி, இது உங்க அக்கா எழுதினதாமே. சொல்லவே இல்லையே. நாளையிலிருந்து நீ முன்மேசையில உக்காரு."

தங்கையின் கையில் ஊசி நின்றது. "நெசமாவா?"

"ஆமா. கதையில வர்ற பொண்ணு எங்க கடையிலதான் இருக்கான்னு சொல்லப் போறேன். நீ வழக்கம்போல ரெண்டு வார்த்தை உளறு, போதும். ஜனங்க ரசிப்பாங்க."

கேட்டு ஏங்கிய இடம் தானாக வந்திருந்தது. ஆனால் அழைப்பு வேறொருத்திக்கு.

"அவளுக்கு அளவெடுக்கத் தெரியாதும்மா," என்றாள் தங்கை.

"யாருக்கு?"

"நீங்க கூப்பிடுறீங்களே, அவளுக்கு. எனக்கு அளவெடுக்கத் தெரியும். என்னைக் கூப்பிடுறதா இருந்தா சொல்லுங்க, வரேன்."

முதலாளியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த புத்தகத்தின் அட்டையை மறுபடி பார்த்தார். தங்கை பாதியில் நின்ற கால்மடிப்பைத் தைக்கத் தொடங்கினாள்.