குங்குமம் வைத்த பெட்டி

என் மேசை ஓரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. டிபன் டப்பாவைவிடச் சற்றுப் பெரியது. அதன் முகப்பில் காய்ந்துபோன சந்தனம், நடுவே குங்குமம். செல்போன் கோபுரம் செய்யும் வேலையை ஒரு கூரைக்குள் செய்வதற்காக வாங்கியது. இப்போது எந்த அலையையும் அனுப்புவதில்லை. மேனேஜர் சார் என் இடத்தைக் கடக்கும்போதெல்லாம், "அதைத் தொடச்சு ஸ்டோர்ல குடுத்துடும்மா" என்பார். அதற்குப் பொட்டு வைத்த அக்காவுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். வருத்தமெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையில் உதிரிபாகங்களை ஆளில்லா வண்டிகள் கொண்டுபோகின்றன. ஒவ்வொரு வண்டியும் தன் கேமரா காணும் காட்சியை அனுப்பிக்கொண்டே ஓடும். எதிரே ஆள் வந்தால் நிற்கும். அலை அறுந்து காட்சி போகாவிட்டாலும் நிற்கும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அவ்வளவு காட்சியையும் சுமக்க மில்லிமீட்டர் அலை வேண்டும். அது டார்ச் வெளிச்சம்போல நேராகப் போகும், சுவரைத் தாண்டாது. அதனால் தூணுக்குத் தூண் பெட்டி. அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மண்ணூரில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "கண்ணுக்குத் தெரியாததை எம்பொண்ணு ரிப்பேர் பண்றா" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அதைக் கேட்டால் எனக்குத் தலை நிமிரும். மறைப்பானேன்?

அக்கா வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்தத் தொழிலாளி. நடு வரிசையில் நின்று திருகு முடுக்குவார். வண்டிகள் அடிக்கடி நின்றது அவருக்கு எதிரில்தான். அக்காதான் வண்டிப் பாதையில் கால் வைப்பதாக மேனேஜர் சார் முடிவு கட்டிவிட்டார். அக்கா என்னிடம் பொரிந்தார்: "நான் குறுக்க நிக்கிறனாம், பாப்பா! எங்க வூட்டு மாடுகூட நான் நின்னா சுத்திக்கினு போவும். இதுக்கு இன்னா கேடு? கல்யாணப் பொண்ணு மாதிரி எம்முன்னால வந்து தலையக் குனிஞ்சிக்கினு நிக்குது!" இன்னொரு தடவை புகார் வந்தால் ஏஜென்சியிடம் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டுதான் பேசினார். கையிலிருந்த கையுறையை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

அளந்து பார்த்தேன். அந்த இடத்தில் சிக்னல் குறையவில்லை, மிதமிஞ்சி இருந்தது. சுற்றியிருந்த நான்கு தூண்களின் பெட்டிகளும் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று பேசிக்கொண்டிருந்தன. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கூவும்போது நமக்கு வேண்டிய ஊர்ப்பெயர் காதில் விழாது அல்லவா, அதுபோல. ஒன்றுவிட்டு ஒரு பெட்டியை அணைக்கலாம் என்று மேனேஜர் சாரிடம் போய்ச் சொன்னேன். "ஆயிரம் தடவை நிக்குதுன்றே, அப்புறம் பெட்டியக் கம்மி பண்ணுன்றே. வெளிச்சம் பத்தலைன்னா இன்னொரு டியூப் லைட்தானே போடுவாங்க?" என்றார். "இது லைட் இல்ல சார், பேச்சு" என்றேன். அவர் இன்னொரு பெட்டிக்கு ஆர்டர் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. நான் கேட்டபோதெல்லாம் லீவு கொடுத்தவர். ஆனால் அவரிடம் எதைச் சொன்னாலும், சொன்ன பெண்ணைப் பாராட்டிவிட்டுச் சொன்னதை மறந்துவிடுவார்.

அந்தப் புதுப் பெட்டி ஆயுதபூஜைக்கு வந்து சேர்ந்தது. ஸ்பானர்களோடு அதையும் மேசைமேல் வைத்தார்கள். அக்கா அதற்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்து, "நீயாச்சும் எம்பேரைக் கெடுக்காத, தாயி" என்றார். எல்லாரும் சிரித்தோம். தூணுக்குத் தூண் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அன்றே பெட்டியை அக்காவுக்கு அருகிலிருந்த தூணில் மாட்டினோம்.

விடுமுறை முடிந்து வேலை தொடங்கியதும் வண்டிகள் நிற்காமல் ஓடின. "பாத்தியாம்மா, புதுப் பெட்டி!" என்று மேனேஜர் சார் இனிப்பு கொடுத்தார். நான் நிமிர்ந்து வாழை இலைகளைப் பார்த்தேன். பச்சை இலை முழுக்கத் தண்ணீர். இந்த அலை தண்ணீரைத் தாண்டாது. தள்ளியிருந்த தூண்களின் பேச்சை மரங்கள் தடுத்துவிட, பக்கத்துத் தூணின் பேச்சு மட்டும் வண்டிக்குத் தெளிவாகக் கேட்டது. சொன்னேன். "காலேஜ்ல வாழைத்தோட்டமா வெச்சிருந்தாங்க?" என்று அவர் கேட்க, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

இலைகள் சருகாயின. துப்புரவு ஆட்கள் மரங்களை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். வண்டி மறுபடி அக்காவின் முன்னால் நின்றது. இப்போது மேனேஜர் சாரிடம் ஒரு காரணமும் சேர்ந்திருந்தது: பெட்டியெல்லாம் சரியாக வேலை செய்வதைத்தான் கண்ணால் பார்த்தாயிற்றே, ஆகவே தப்பு ஆளிடம்தான். நான் அவர் அறை வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தபோதே அக்காவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் வாலாஜாபாத் சந்தையில் இரண்டு வாழைமரம் வாங்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றி வந்தேன். "இன்னாமா, கல்யாணமா?" என்றான் டிரைவர். செக்யூரிட்டியிடம் மல்லுக்கட்டி உள்ளே கொண்டுபோய், தள்ளியிருந்த பெட்டிகளை மறைக்கும்படி இரண்டு தூண்களில் கட்டினேன். வண்டி ஓடியது. அவிழ்த்தேன், நின்றது. மேனேஜர் சாரைக் கூட்டிவந்து, அவர் கையாலேயே கட்டவும் அவிழ்க்கவும் வைத்தேன். தானே இன்னொரு தடவை கட்டி அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "சரி, அணைச்சுப் பாரு" என்றார். பொட்டு வைத்த பெட்டியைத்தான் முதலில் அணைத்துக் கீழே இறக்கினேன்; பிறகு ஒன்றுவிட்டு ஒரு பெட்டியை அணைத்தேன். அதன்பின் எந்த வண்டியும் அந்த இடத்தில் நின்றதில்லை.

"அக்காவைக் கூப்பிடலாமா சார்?"

"அது ஏஜென்சி விஷயம்மா. அதான் எல்லாம் சரியாயிடுச்சே, பழசைக் கிளறுவானேன்?"

அண்மையில் சுங்குவார்சத்திரத்தில் அக்காவைப் பார்த்தேன். வேறொரு கம்பெனியில் கேன்டீனில் இருக்கிறார். லைன் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் எங்கள் கம்பெனியின் புகார் முன்னால் போய் நின்றதாம்.

"வண்டி ஓடுதா, பாப்பா?"

"ஓடுதுக்கா."

"அப்ப நான் குறுக்க நிக்கலன்னு எழுதிட்டாங்களா?"

ஆட்டோக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்கவில்லை என்று அவர் நினைத்திருக்கலாம். நன்றாகவே கேட்டது.

நேற்றும் மேனேஜர் சார் என் மேசையருகே நின்று, பெட்டியை ஸ்டோரில் கொடுக்கச் சொன்னார். இத்தனை நாளும் "சரி சார்" என்று சொல்லிவந்தவள், நேற்று அதைச் சொல்லவில்லை. "அக்கா மேல தப்பில்லைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க சார். அப்பவே குடுத்துடறேன்" என்றேன். அவர் பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்துக் காதில் வைத்தபடி நகர்ந்துவிட்டார். பெட்டி இங்கேதான் இருக்கிறது. அதை நான் துடைக்கப்போவதில்லை.