ஒண்ணும் இல்லியாம்

பொம்பளை டாக்டர் என்றால் பொம்பளைகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஆம்பளை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரே ஒரு பொம்பளை என்பதைத் திண்டிவனத்தில் கண்ணால் பார்க்கிறவரை நம்பவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் சின்னம்மாவுக்குக் குழந்தை இல்லை. எங்கள் வீட்டில் அதிகாரமெல்லாம் அப்பாவின் அக்காவுக்கு, அதாவது அத்தைக்கு. அத்தை கண்டாச்சிபுரத்தில் சித்தப்பாவுக்கு இரண்டாந்தாரமாக ஒரு பெண்ணைப் பார்த்தே வைத்துவிட்டாள். வெற்றிலைபாக்கு மாற்றுவதுதான் பாக்கி. சித்தப்பா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு தபா டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வந்துடறேன் அண்ணி" என்று சின்னம்மா அத்தையிடம் கெஞ்சி உத்தரவு வாங்கினாள். கூட வருவதற்குச் சித்தப்பாவுக்கு வெட்கம். துணைக்கு என்னை அழைத்துக்கொண்டாள். மருந்து வாங்கிவரக் கழுவிய காலிப் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாகப் போனோம். முதல் ஆளாகப் போனதுதான் மிச்சம்.

"வூட்டுக்காரரு வர்லியா?" என்றார் கம்பவுண்டர்.

"வர்லீங்க."

"அப்ப ஓரமா குந்து. கூப்புடறேன்."

கூப்பிட்டால்தானே? புருஷனோடு வந்தவர்களெல்லாம் எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். நடுவில் பிரசவ கேஸ் என்று டாக்டரம்மா எழுந்து போய்விட்டார். திரும்பி வந்தார், நாங்கள் எழுந்தோம், கம்பவுண்டர் கையைக் காட்டினார், உட்கார்ந்தோம். பசியில் எனக்குக் கண்ணைக் கட்டியது. இந்த ஆள் நாசமாய்ப் போக என்று மனசுக்குள் திட்டினேன்.

ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் டாக்டரம்மா தெரிந்தார். அப்பப்பா! வெள்ளைச் சேலை, கையில் கடிகாரம், கழுத்தில் அந்தக் குழாய். பெரிய மீசைக்காரர் ஒருவர் பெண்டாட்டியோடு வந்திருந்தார். கம்பவுண்டரே கும்பிடு போடுகிற பெரிய இடத்து ஆள். டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "வருஷத்துக்கு ஒண்ணுன்னா இவ உடம்பு என்னத்துக்கு ஆகும்? உங்களுக்கு அறிவு வேணாம்?" என்று போட்டாரே ஒரு போடு! மீசைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஒரு பொம்பளைக்கு முன்னால் ஆம்பளை அப்படி நிற்பதை நான் பிறந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

எங்களைக் கூப்பிட்டபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார்கள். என் முதுகுக்குப் பின்னால் டாக்டரம்மா என்னென்னவோ கேட்டார். சின்னம்மா மெல்லப் பதில் சொன்னாள். கடைசியில் டாக்டரம்மா கணீரென்று சொன்னார்: "உனக்கு ஒண்ணும் இல்லம்மா. போய் உன் வீட்டுக்காரரை அழைச்சிட்டு வா. அவரைத்தான் பாக்கணும்."

அவ்வளவுதான். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, என் பாட்டிலுக்கு ஒரு சொட்டு மருந்து இல்லை. நாளெல்லாம் காய்ந்தது இதற்குத்தானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சின்னம்மாவோ பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தாள். "டாக்டரம்மா எப்டிடீ பேசனாங்க?" என்றாள். குரலைத் தடிப்பாக்கிப் பேசிக் காட்டினேன். "இன்னொரு தபா சொல்லு" என்றாள். விக்கிரவாண்டி தாண்டுகிறவரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?" என்றாள் அத்தை.

"எனக்கு ஒண்ணும் இல்லியாம் அண்ணி."

அத்தை வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்லியாமா! இவ வயித்துல ஒண்ணும் இல்லன்னு நான் அப்பவே சொல்லல? நாளைக்கே கண்டாச்சிபுரம் போறேன்."

சின்னம்மா தலையைக் குனிந்து நின்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் டாக்டரம்மா சொன்னதைப் பாதியில் விட்டால் எப்படி? நடுவீட்டில் போய் நின்று, இடுப்பில் கைவைத்து, "உனக்கு ஒண்ணும் இல்லம்மா. போய் உன் வீட்டுக்காரரை அழைச்சிட்டு வா. அவரைத்தான் பாக்கணும்!" என்றேன். சித்தப்பாவை விரலாலும் காட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அத்தை திறந்த வாய் மூடாமல் தம்பியைப் பார்த்தாள். அம்மா பாய்ந்து வந்து என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

கண்டாச்சிபுரம் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் சித்தப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், சின்னம்மாவோடு திண்டிவனம் பஸ் ஏறினார்.

குட்டு வாங்கி அழுத என்னைச் சின்னம்மா அன்றைக்கு அடுக்களைக்கு இழுத்துப்போய், வாய் நிறைய வெல்லத்தைத் திணித்து, தலையைத் தடவித் தடவி முத்தம் கொடுத்தாள். குட்டு எதற்கு என்று அம்மா சொல்லவில்லை; வெல்லம் எதற்கு என்று சின்னம்மாவும் சொல்லவில்லை. என்ன கேட்டாலும் வாய் திறக்காத என் சமர்த்து அக்கா வீட்டில் சும்மா இருக்கும்போது, ஊருக்கே தமுக்கடிக்கிற என்னை எதற்குத் துணைக்கு அழைத்துப்போனாள் என்று கேட்கவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.