திருடன் பேசிய முழு வாக்கியம்

சப்டைட்டில் எழுதுவது, படத்தில் எல்லோரும் பேசிவிட்டுப் போன பிறகு நாம் தனியாக மாட்டிக்கொள்ளும் தொழில். இதே வேலையில் இருக்கும் நீங்களும் பட்டிருப்பீர்கள். நான் இருபத்திரண்டு வருடம் ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவள். பக்கம் நின்றுபோனதும் தஞ்சாவூர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் வரி எழுத, சென்னை அலுவலகம் ஒன்று ஆள் தேடியது. சோதனைக்கு மூன்று படம் தருவார்கள். மூன்றாவதும் சொதப்பினால் வேலை கிடையாது. சரிபார்ப்பவர் முருகேசன், வலங்கைமான்காரர். குறைகளை ஃபோனில்தான் சொல்வார்.

பத்தாவது நிமிடம்

முதல் படம் கொலைக்கதை. போலீஸ்காரர் கேட்கிறார், கடைக்காரர் "ஐ எய்ன்ட் சீன் நத்திங்" என்கிறார். எனக்கு இலக்கணம் சுத்தமாகத் தெரியும், அதுதான் வினை. இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு. "நான் ஒன்றைப் பார்த்தேன்" என்று எழுதி, கொலையாளியின் பக்கம் கை காட்டியதாகவே வரிகளை அமைத்துவிட்டேன். ஒன்றும் பார்க்கவில்லை என்று அந்த மனிதர் அடித்துச் சொன்னது எனக்கு உறைக்கவில்லை.

முருகேசன் கோபப்படவில்லை. "மேடம், பத்தாவது நிமிஷத்திலேயே கேஸை முடிச்சுட்டீங்க. மிச்சப் படத்தை என்ன பண்றது?"

துப்பாக்கியும் மரியாதையும்

இரண்டாவதில் வங்கிக் கொள்ளை. முகமூடிக்காரன் "கெட் தெம் ஹேண்ட்ஸ் அப்" என்று கத்துகிறான். "தெம்" தவறு, "தோஸ்" என்று வர வேண்டும் என மனதுக்குள் திருத்திக்கொண்டு, "அந்தக் கைகளைத் தயவுசெய்து உயர்த்துங்கள்" என்று எழுதினேன். என் சிறுவர் பக்கத்தில் நரிகூடக் காகத்தை "நீங்கள்" என்றுதான் அழைக்கும். யாரும் யாரையும் "டா" போடக் கூடாது என்று சட்டம் வைத்தவளே நான்தான். பழக்கம் போகுமா?

முருகேசன் சொன்னார்: "கொள்ளையடிக்க வந்தவன் மாதிரி இல்லீங்க மேடம். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவன் மாதிரி இருக்கான்."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்

மிச்சம் ஒரு படம். மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லாவிடம் போய் நின்றேன். கீழ்வேளூர்ப் பெண், வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் பல வருடம் நர்ஸாக இருந்து திரும்பியவள். வசனத்தைப் போட்டதும் நாற்காலியைத் திருப்பி, திரைக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். படம் பார்க்க வேண்டாமா என்றேன்.

"வார்டுல கட்டிலை மறைக்கிற ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கமிருந்துதான்க்கா கூப்பிடுவாங்க. குரலை வெச்சுத்தான் ஓடணும். முழு வாக்கியமா சொல்லி முடிக்கட்டும்னு உட்கார்ந்திருந்தா என்ன ஆகிறது?"

கடைமடை வசனம்

மூன்றாவது படத்தில் ஒரு விவசாயி. மழையில்லாமல் பயிர் கருகிவிட்டது. மைத்துனன் வண்டியில் விதை மூட்டை கொண்டு வருகிறான். "ஐ டோன்ட் நீட் நத்திங் ஃப்ரம் நோபடி" என்கிறார் விவசாயி. இந்த முறை தவறவில்லை: "எனக்கு யாரிடமிருந்தும் எதுவும் வேண்டாம்" என்று எழுதி ஸ்டெல்லாவிடம் வாசித்தேன்.

சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "அப்புறம் மைத்துனன் என்ன பண்றான்?"

"மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போகிறான்."

"இப்படி வெட்டிப் பேசினா எப்படிக்கா இறக்குவான்? குரல் கம்முது பாருங்க. ஆஸ்பத்திரியில ஒண்ணும் வேணாம்ங்கிறவங்க கட்டிலுக்குத்தான் நாங்க முதல்ல போவோம்."

பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். ஒரு வருடம், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் அவர்கள் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டவேயில்லை, நாற்று காய்ந்தது. மாமா விதைநெல்லோடு வந்து நின்றார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல், "இருக்கட்டும் மச்சான், கிளம்புங்க" என்றாராம். மாமா இறக்கிவிட்டுத்தான் கிளம்பினாராம்.

என் வரியை அடித்துவிட்டு, "இருக்கட்டும். நீ கிளம்பு" என்று எழுதினேன். மற்ற வரிகளையும் அப்படியே, ஒவ்வொன்றாக, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு மாற்றினேன். ஒரு வாரம் தன் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். நன்றி சொன்னால், "காபி ஆறுது" என்பாள்.

வரிகளை அனுப்பிய மறுநாள் முருகேசனிடமிருந்து ஃபோன் வந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அந்த விவசாயி எங்க ஊர்ப்பக்கமா மேடம்? நாலாவது படம் அனுப்பியிருக்கேன், பாருங்க."

இருபத்திரண்டு வருடம் எல்லோரையும் முழு வாக்கியத்தில் பேச வைத்தவளுக்கு இப்போது சோறு போடுவது, ஸ்டெல்லா காதில் விழுந்த அரை வாக்கியங்கள்தான்.