முடிவு சொல்லாத புத்தகக் கடை

கண்டியில் இருந்துகொண்டு நம் நாட்டில் புதிதாக வந்த தமிழ்ப் புத்தகம் ஒன்றை வாங்குவதென்றால் இரண்டே வழி. யாராவது கொழும்பு போகும்வரை காத்திருக்கலாம், அல்லது நாமே பஸ் ஏறலாம். காத்திருந்து அலுத்துப்போய் போன ஞாயிற்றுக்கிழமை நானே ஏறிவிட்டேன். இந்த நேரத்தில் கொழும்புக்கா, அதுவும் புத்தகத்துக்கா என்று வீட்டில் ஒரே பாட்டு. யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை பூட்டி ஒரு வருடமாகிறது, கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனை, எல்லாம் எனக்கும் தெரியும். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காலை ஆறரைக்கு ஏ.சி. பஸ். நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். வழியில் ஓரிடத்தில் எல்லோரையும் இறக்கிச் சோதித்ததால் புறக்கோட்டை சேரப் பத்தரை ஆகிவிட்டது. அங்கிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி வழியே வெள்ளவத்தை. ஞாயிறென்பதால் இருக்க இடம் கிடைத்தது.

கடை, காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. ஒரு பக்கம் தையல் கடை, மறுபக்கம் தொலைபேசிக் கடை. நடத்துபவர் சிவநேசன் அண்ணன். விற்பதோடு வருடத்தில் நாலைந்து புத்தகங்களை அவரே பதிப்பிக்கவும் செய்கிறார். அவர் புத்தகம் விற்கும் விதமே தனி. கையில் ஒன்றைத் தூக்கித் தந்து கதை சொல்லத் தொடங்குவார். நாம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கையில் டக்கென்று நிறுத்தி, "மிச்சத்தை வாசியுங்கோ" என்பார். கெஞ்சினாலும் முடிவு வராது. என் அலுமாரியில் பாதி இப்படி ஏமாந்து வாங்கியதுதான். ஒன்றிரண்டை வாசித்து முடித்துவிட்டு அவரைத் திட்டியும் இருக்கிறேன்.

அன்று நான் போனபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் அழுத கண்ணோடு ஒரு பெண். பெயர் கௌரி, களுபோவில ஆஸ்பத்திரியில் தாதி. அவருடைய முதல் சிறுகதைத் தொகுதிக்கு அன்று மாலை நாலு மணிக்கு வெள்ளவத்தையிலேயே வெளியீடு. புத்தகங்களோ இன்னும் கொட்டாஞ்சேனை அச்சகத்தில், பசை காயாமல் இருக்கின்றன. வெளியீட்டைத் தள்ளிவைத்தால் என்ன என்று நான் சும்மா கேட்டுவிட்டேன்.

தள்ளிவைக்க முடியாது. கௌரியின் அப்பா கண்ணில் ஒப்பரேஷன் செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து விமானத்தில் வந்தவர், மறுநாள் காலை திரும்புகிறார். இன்னொரு முறை அனுமதி எடுத்து, ரிக்கெற் எடுத்து வருவதெல்லாம் நடக்கிற காரியமா? தபாலையும் நம்ப முடியாது. கட்டுப்போட்ட கண்ணோடு அவர் எப்படி வாசிப்பார் என்று நான் யோசித்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்பா இப்ப வாசிக்கத் தேவையில்லை அக்கா. கொண்டு போகோணும், அவ்வளவுதான்" என்றார் கௌரி.

கௌரி அப்பாவைக் கூட்டிவரப் போய்விட்டார். வழியில் மறித்தால் பேச அண்ணனின் சிங்களம் அரைகுறை, என்னுடையது கண்டிச் சிங்களம். பிறகென்ன, என் பையைக் கடைக்குள் எறிந்துவிட்டு நானும் ஏறிவிட்டேன். ஒழுங்கை முனையில் நிற்கும் நிஸாம் நானாவின் முச்சக்கர வண்டி, போக வர எழுநூறு ரூபாய். கொட்டாஞ்சேனைக்குப் பத்துக் கிலோமீட்டர். கோயில் தெருக்கள், தேவாலய மணி, அச்சு மை மணம் என்று அந்தப் பக்கமே எனக்குப் பிடிக்கும், ஆனால் அன்று எதையும் பார்க்கவில்லை. கடைசிக் கட்டைக் கட்டி வண்டியில் ஏற்ற மூன்று மணியாகிவிட்டது.

திரும்பும் வழியில், பம்பலப்பிட்டிக்கு முன்னால் மறித்தார்கள். இளம் பொலிஸ்காரர் ஒருவர் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னார். முந்நூறு தமிழ்ப் புத்தகங்கள். ஒன்றை எடுத்துப் புரட்டினார், ஓர் எழுத்தும் புரியவில்லை. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். பழக்கதோஷம். தன் உடைந்த சிங்களத்தில் முதல் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு நோயாளி. பார்க்க வர ஒருவரும் இல்லாதவன். ஒருநாள் முன்பின் தெரியாத ஒரு பெண் சோற்றுப் பார்சலோடு வந்து பக்கத்தில் இருந்து பரிமாறிவிட்டுப் போகிறாள். மறுநாளும் வருகிறாள். வேறு யாரோ என்று நினைத்து ஆள் மாறி வருகிறாள் என்று அவனுக்குத் தெரியும். கேட்டால் சோறு நின்றுவிடுமே என்று பேசாமல் சாப்பிடுகிறான். வீட்டுக்குப் போகும் நாள் வருகிறது. அன்று மனம் பொறுக்காமல், நீ யார் என்று கேட்டுவிடுகிறான்.

அங்கே அண்ணன் நிறுத்தினார்.

பொலிஸ்காரர் காத்திருந்தார். பிறகு, "இதுரு டிக?" என்றார். மிச்சம் எங்கே என்று கேட்கிறார். அண்ணன் சிரித்துக்கொண்டு, அது புத்தகத்தில் இருக்கிறது, வாங்கி வாசிக்க வேண்டும் என்கிறார். கொழும்பில், துவக்கோடு நிற்கும் ஒருவரிடம், மணி மூன்றரைக்கு! நிஸாம் நானா ஹாண்டிலில் தலையைச் சாய்த்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அண்ணனைக் கிள்ளாமல் விட்டது பெரிய காரியம்.

அந்தக் கதை முன்பே ஒரு சஞ்சிகையில் வந்தது, நான் வாசித்திருக்கிறேன். பொலிஸ்காரரிடம் முடிவை நானே நல்ல சிங்களத்தில் சொன்னேன். உண்மையில் நடந்ததா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அவரே குனிந்து கட்டுகளைத் திரும்பக் கட்டித்தந்து, "யன்ன நங்கி" என்று அனுப்பிவிட்டார். போங்கள் தங்கச்சி என்று அவர் சொன்ன குரல் எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணன் மட்டும் வெள்ளவத்தை வரும்வரை என்னோடு கதைக்கவில்லை. முடிவைச் சொல்லிவிட்டேனாம்.

நாலேகாலுக்கு மண்டபம். விளக்கேற்றல், தலைமையுரை, வாழ்த்துரை, முதற்பிரதி பெறும் இரும்புக்கடை முதலாளி, வடை, நெஸ்கபே என்று எல்லாம் முறைப்படி நடந்தது. இருட்ட முன் வீடு சேரவேண்டும் என்பதால் உரைகள் சுருக்கமாக இருந்தன. யுத்தத்தால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

கௌரி தன் பிரதியை அப்பாவின் மடியில் வைத்தார். ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணும் மங்கல். அட்டையைத் தடவினார், விரித்து மணந்து பார்த்தார். பிள்ளை என்ன எழுதியிருக்கிறாள் என்று பக்கத்திலிருந்த சிவநேசன் அண்ணனிடம் கேட்டார். அண்ணன் அதே ஜன்னலோரக் கட்டில் கதையைச் சொன்னார். வழக்கமான இடத்தில் நின்றார். பிறகு அந்தக் கட்டுப்போட்ட கண்ணைப் பார்த்தார். நானறிந்த இத்தனை வருடத்தில் அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"ஐயா, உங்களுக்கு முடிவையும் சொல்லுறன்."

கிழவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேண்டாம் தம்பி. அங்க போனா, நாளைக்கு எண்டு பாத்திருக்க ஒண்டும் இல்லை. கண் ஆறுமட்டும் உது எனக்கு இருக்கட்டும்."

அண்ணன் எழுந்து கதிரைகளை அடுக்கப் போய்விட்டார். எனக்கும் அங்கே நிற்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். ஞாயிறுகளில் கடை ஒரு மணிவரைதான். இரவு தங்குவதென்றால் பொலிஸ் பதிவை முதலிலேயே முடித்துவிடுங்கள். புத்தகங்களை டேப் ஒட்டிக் கட்டாமல் சணல் கயிற்றால் கட்டுங்கள், எப்படியும் அவிழ்க்கத்தான் போகிறார்கள். அடுத்ததாக மட்டக்களப்புப் பெண்ணொருவரின் கவிதைத் தொகுதி அச்சுக்குப் போகிறது, கடதாசி விலை இடம்கொடுத்தால் தைக்குள் வரும் என்கிறார் அண்ணன். கௌரியின் 'ஜன்னலோரக் கட்டில்' இருநூற்றைம்பது ரூபாய். எட்டுக் கதைகளில் இரண்டு சுமார், ஆறு அருமை. கட்டாயம் வாங்குங்கள்.

வாசித்துவிட்டுப் பின்னூட்டம் எழுத வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த முதல் கதையின் முடிவை மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இன்னும் வாசிக்கவில்லை.