இறக்கத்தில் எழுப்ப வேண்டாம்

மலைப்பாதையில் இருபத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவரிடம் அந்தப் பாதையில் என்னென்ன பார்க்கலாம் என்று கேட்பது, கல்யாணச் சமையல்காரரிடம் மணப்பெண் எப்படி இருந்தாள் என்று கேட்பதைப் போன்றது. அவருக்குத் தெரிந்தது அடுப்பு. ஆனாலும் மருமகன் கேட்டார்.

சாப்பாட்டு மேஜை மேல் ஆறு தாள்களை ஒட்டிச் செய்த வரைபடம் விரித்திருந்தது. நாலு மூலைக்கும் பாரமாக ஒரு தண்ணீர்ச் செம்பு, ஊறுகாய் பாட்டில், மருமகனின் மூக்குக்கண்ணாடிக் கூடு, மாமனாரின் கை. மருமகனுக்கு வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. எதைச் செய்தாலும் அதற்குத் தலைப்பு வைத்துவிட்டுத்தான் தொடங்குவார். வரைபடத்தின் தலையில் 'நான்கு நாள், மூன்று கணவாய், பதினொரு காட்சிமுனை' என்று எழுதி இரண்டு கோடு அடித்திருந்தார்.

"இந்தப் பன்னெண்டாவது வளைவுலேர்ந்து என்ன மாமா தெரியும்?"

"சுவர் தெரியும்."

"சுவருக்கு அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் பார்த்திருந்தேன்னா, இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொல்லிட்டிருக்க மாட்டேன், மாப்பிள்ளை."

மருமகன் சிரித்துக்கொண்டே பன்னிரண்டாவது வளைவின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டார். ஏற்கெனவே அங்கே ஐந்து கேள்விக்குறிகள் இருந்தன.

டிப்போவில் மாமனாருக்கு 'செகண்ட் கியர்' என்று பெயர். பத்தொன்பது கொண்டை ஊசி வளைவுகளையும், ஏறினாலும் இறங்கினாலும், இரண்டாவது கியரிலேயே எடுப்பவர். மூன்றுக்குப் போட்டு நேரத்தைப் பிடிக்கலாமே என்று இளைய ஓட்டுநர்கள் சொல்வார்கள். நேரத்தைப் பிடிக்கப் போய் மரத்தைப் பிடித்தவர்களை அவருக்குத் தெரியும். கல்யாணம், வீடு, மகளின் படிப்பு என்று வாழ்க்கையில் வந்த மற்ற வளைவுகளையும் அவர் இரண்டாவது கியரில்தான் எடுத்தார் என்பது மனைவியின் கட்சி. அதில் பாராட்டு எவ்வளவு, குறை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த அம்மாளாலேயே முடியாது.

ஏற, இறங்க என்று கூட்டினால் பதினாறாயிரம் தடவை அந்த மலையைக் கடந்திருக்கிறார். மலையைப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் எதிரே முப்பது அடி ரோடும், தலைக்கு மேலே இருந்த கண்ணாடியும்தான். அந்தக் கண்ணாடியில் அவருக்குத் தினமும் ஒரே காட்சி. முதல் மூன்று வளைவு வரை பயணிகள் பேசுவார்கள். நாலாவதில், வாந்தி எடுக்கிறவர்கள் எடுத்து முடிப்பார்கள். ஆறாவதில் பஸ் முழுவதும் தூங்கிவிடும். முன்பின் தெரியாதவர் தோளில் தலை, திறந்த வாய், மடியிலிருந்து நழுவும் பை. டிக்கெட் கொடுத்து முடித்த கண்டக்டரும் பின் சீட்டில் சாய்ந்துவிடுவார். நாற்பத்தெட்டு பேர் தன் இரண்டு கையை நம்பி வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதில் முதல் பத்து வருஷம் அவருக்குப் பெருமை. அடுத்த பத்தொன்பது வருஷம் பொறாமை.

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. முதல் பஸ் நாலே முக்காலுக்கு. அதனால் இன்றைக்கும் உடம்பு மூன்றே முக்காலுக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. மறுபடி படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. கட்டில் ஆடவில்லை, ஜன்னல் நகரவில்லை, எந்த நம்பிக்கையில் தூங்குவது? டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தார். அதற்கு முன் தூக்கமில்லாத மனிதராக இருந்தவர், அதற்குப் பிறகு தூக்கமில்லாத, கால் வலிக்கிற மனிதராக ஆனார். களைப்பு வேறு, தூக்கம் வேறு என்பதைக் கற்றுக்கொள்ள அறுபது வயது ஆகியிருந்தது.

ஆகவே அந்த மேஜையைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்து நாலு நாள் சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டபோது, அவருக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பாதையில், ஓட்டுநர் அல்லாத ஒரு சீட்டில், ஒரு தடவை தூங்கிக்கொண்டு போக வேண்டும். பத்தொன்பது வளைவும் தன்னைக் கேட்காமல் வந்து போக வேண்டும்.

இதை எப்படிச் சொல்வது? லீவு போட்டு, அறை பிடித்து, மலை பார்க்கப் போகிற இடத்தில் ஒருவர் தூங்க வருகிறேன் என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அந்த நாலு பேரில் மூன்று பேர் இங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"வண்டியை யாரு எடுக்கறது?" என்று அன்றைக்கே மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"இது என்ன கேள்வி? உங்களை விட்டா யாரு?" என்றாள் மனைவி. ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுப்பவள். பதிலைச் சொல்லி அடுத்த அழைப்புக்குப் போய்விடும் பழக்கம் வீட்டிலும் உண்டு.

மகளைப் பார்த்தார். அவள் ஒரு பரிசோதனைக்கூடத்தின் வேனை ஓட்டுகிறாள். பதினான்கு கிளினிக்குகளில் ரத்த மாதிரிக் குழாய்களை வாங்கிப் பெட்டியில் அடுக்கி, குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. வாரத்தில் ஆறு நாள்.

"என்னைப் பார்க்காதீங்கப்பா. நான் ஸ்டியரிங்கைத் தொட்டா அது லீவு இல்ல, ஓவர்டைம்."

"நான் இருக்கேனே," என்றார் மருமகன். கார் அவருடையது. வாங்கி ஆறு மாதம் ஆகிறது. சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் எடுக்கவில்லை.

மற்ற மூவரும் வரைபடத்தைப் பார்த்தார்கள். ஓட்டத் தெரிந்த இருவருக்கும் ஓட்ட ஆசை இல்லை. ஆசை இருப்பவருக்கு வரைபடம் ஒட்டத் தெரியும்.

மறுநாள் மாமனார் தன் பங்குக்கு ஒரு தாளில் திட்டம் எழுதிக் கொடுத்தார். மனைவி அதை வாங்கி உரக்க வாசித்தாள்.

"நாலே முக்கால், புறப்பாடு. ஆறு பத்து, தண்ணீர்த் தொட்டி, ஐந்து நிமிஷம். ஏழு இருபத்தைந்து, பிரேக் ஆற, பத்து நிமிஷம்." தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஆறு பத்துக்கு யாரை ஏத்திக்கப் போறீங்க?"

"யாரையும் இல்ல. எஞ்சினுக்குத் தண்ணி."

"புது கார் மாமா. அது தண்ணி கேக்காது."

"எனக்குக் கேக்கும்."

மருமகன் நல்ல மனிதர். அதையும் மதித்து வரைபடத்தில் ஏற்றினார். பதினொரு காட்சிமுனை பச்சையில், ஏழு நிறுத்தம் சிவப்பில். ஒரு பச்சைகூட ஒரு சிவப்பின் மேல் விழவில்லை. இருவரும் ஒரே மலையைத்தான் சொல்கிறார்களா என்று மகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வேறு வழி தெரியாமல் மாமனார் ஒரு பொய் சொன்னார். "கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு. மலையில எடுக்கறது சரி வருமான்னு பாக்கறேன்." இருபத்தொன்பது வருஷமாக லாக் புக்கில் பொய் எழுதாதவர், பழக்கமில்லாத வேலை. அதுவும் ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுப்பவளிடம் போய்ச் சொன்னார். அடுத்த நாள் பத்தரை மணிக்கு அவர் கண் டாக்டர் முன் உட்கார்ந்திருந்தார். கடைசி வரி வரைக்கும் படித்தார். அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. மறந்துபோய் அதையும் படித்துவிட்டார்.

"இந்தக் கண்ணுக்கு இன்னும் இருபது வருஷம் வண்டி ஓட்டலாம்," என்றார் டாக்டர். மனைவி அதை நல்ல செய்தி என்று எல்லோருக்கும் போனில் சொன்னாள்.

கடைசியில் மிச்சமிருந்தது மருமகன்தான். அவர் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டுத் தூங்க முடியுமா என்று பார்த்துவிடலாம் என்று மாமனார் முடிவு செய்தார். ஊரின் பெரிய கடைத்தொகுதியில் ஏழு மாடிக்கு வாகன நிறுத்தம் உண்டு. தரையிலிருந்து மொட்டை மாடி வரை ஒரே சுற்றுப்பாதை, சங்குக்குள் போவதைப் போல. மலை இல்லாத ஊரில் கிடைக்கிற மலை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைகள் திறப்பதற்கு முன் போனார்கள். திறந்ததும் மனைவிக்கு மலையில் நடக்கச் செருப்பு வாங்கலாம் என்று நால்வருமே கிளம்பியிருந்தார்கள். மருமகன் ஸ்டியரிங்கில், மாமனார் பக்கத்தில், பெண்கள் இருவரும் பின்னால்.

ஏற்றம் மோசமில்லை. மருமகன் ஒவ்வொரு தூணையும் ஒரு காட்சிமுனையைப் போல மரியாதையோடு சுற்றினார். மொட்டை மாடியில் திரும்பி இறங்கத் தொடங்கினார்கள். ஏழாம் மாடியில் பிரேக்கில் வைத்த காலை அவர் தரைக்கு வந்துதான் எடுத்தார். அந்த ஏழு மாடியும் மாமனாரின் வலது காலும் கீழே விரித்திருந்த ரப்பர் பாயை மிதித்துக்கொண்டே வந்தது. இல்லாத பிரேக்கை மிதிப்பதைப் போல அலுப்பான வேலை வேறு இல்லை. மிதிக்கவும் வேண்டும், நிற்கவும் நிற்காது.

"என்னமோ தீயற வாசனை," என்றாள் மனைவி.

"பிரேக்," என்றாள் மகள்.

மருமகன் மாமனார் பக்கம் திரும்பினார். "எப்படி மாமா?"

"ஏத்தம் நல்லா எடுக்கறீங்க, மாப்பிள்ளை."

"இறக்கம்?"

மாமனார் யோசித்தார். ஓட்டுநர் யோசிக்கிறார் என்றால் பயணி இறங்கிவிடுவது நல்லது. மருமகனுக்கு அது புரிந்தது. இறங்கி வந்து, இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, சாவியை நீட்டினார். கோபமில்லை, முகம்தான் கொஞ்சம் சுருங்கியிருந்தது.

"அப்போ நீங்களே எடுங்க மாமா."

சாவி அப்படியே நின்றது. வாங்கினால் நாலு நாளும் அவர் கையில்தான். அவர் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"நான் எடுக்கல."

"அதான் கண்ணு நல்லாருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரே," என்றாள் மனைவி.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கறதுதான் கஷ்டம். மூட மாட்டேங்குது." அவர் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். அதுவும் பழக்கம். "எனக்கு மலை பாக்க வேண்டாம். அந்த ரோட்டுல ஒரு தடவை தூங்கிட்டுப் போகணும். எல்லாரும் என் பின்னாடி தூங்கிட்டு வந்தாங்களே, அந்த மாதிரி."

"தூங்கறதுக்கு எதுக்கு மலை? வீட்டுல தூங்குங்களேன்."

"வீட்டுல வரல. எட்டு மாசமா வரல."

மனைவிக்குத் தெரியாததல்ல. மூன்றே முக்காலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் எழுந்து உட்கார்ந்தால் கட்டிலுக்கே தெரியும். இந்த முறை அவள் அடுத்த அழைப்புக்குப் போகவில்லை.

மகள் இறங்கி வந்து கணவரின் கையிலிருந்து சாவியை வாங்கினாள். "நீங்க பின்னாடி அம்மாகூட உட்காருங்க," என்று சொல்லிவிட்டு, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, கிளம்பினாள்.

ஏற்றத்தில் மாமனாரின் கால் இரண்டு முறை ரப்பர் பாயைத் தேடியது. மொட்டை மாடியில் திரும்பி, இரண்டாவது கியரில் போட்டுவிட்டு அவள் காலை எடுத்தாள். எஞ்சின் முனகிக்கொண்டு வண்டியைப் பிடித்துக்கொண்டது. ஆறாம் மாடியில் அவர் கால் சும்மா இருந்தது. ஐந்தாம் மாடியில் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது. மூன்றாம் மாடியில் வாய் திறந்துகொண்டது.

தரைக்கு வந்ததும் மகள் நிறுத்தவில்லை. மறுபடி ஏறினாள்.

"காலையே வைக்காம எப்படி இறக்கறே?" என்று மருமகன் பின்னாலிருந்து ரகசியமாகக் கேட்டார்.

"கியர்ல விட்டுட்டேன். பெட்டி குலுங்கிக் குழாய் உடைஞ்சா, யாருக்கோ மறுபடி ஊசி குத்தணும். அதான் இப்படிப் பழகிட்டுது."

நாலாவது சுற்றில் காவலாளி கை காட்டி நிறுத்தினார். ஜன்னலுக்குள் குனிந்தார்.

"இடம் கிடைக்கலையா? எல்லா மாடியும் காலியாத்தானே இருக்கு?"

"இடம் வேண்டாம். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க," என்றாள் மனைவி, ஆஸ்பத்திரிக் குரலில். "ஆள் தூங்கறாரு."

"தூங்கறதுக்காகவா சுத்தறீங்க?"

"ஆமா."

காவலாளிக்கும் இரவுப் பணி முடிகிற நேரம். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், முன்சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

ஆறாவது சுற்று முடிந்து தரையில் வண்டி நின்றபோது, நின்றதாலேயே மாமனார் விழித்தார். வாயைத் துடைத்தார். முப்பத்தைந்து நிமிஷம் என்று மருமகன் குறித்து வைத்திருந்தார். முதலில் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு மகளின் கை தெரிந்தது. அது கியரிலிருந்து இறங்கி இடது முழங்காலை அழுத்திப் பிசைந்துகொண்டிருந்தது. கிளட்ச் முழங்கால். அவருக்கும் அதே இடம்தான். பாம்பின் கால் பாம்பறியும்.

"எவ்வளவு நாளா வலிக்குது?"

"வண்டி ஓட்ட ஆரம்பிச்ச நாளா."

அவர் கை தன் முழங்காலுக்குப் போனது. "ஏத்தம் நான் எடுக்கறேன். நீ தூங்கு. இறக்கம் நீ எடு. மலை அடிவாரம் வரைக்கும் சமதரையில மாப்பிள்ளை எடுக்கட்டும்."

"ஏத்தத்துலதானே பாதிக் காட்சிமுனை வருது?" என்றார் மருமகன்.

"உனக்குப் பாக்கணுமா?" என்று மாமனார் மகளைக் கேட்டார்.

"வேண்டாம்ப்பா."

"நாங்க ரெண்டு பேரும் பாக்கறோம்," என்றாள் மனைவி. "பார்த்துட்டு இவங்களுக்குச் சொல்லலாம். என்ன மாப்பிள்ளை?"

பதினொரு காட்சிமுனைக்கு இரண்டே பேர் மிஞ்சியதை மருமகன் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டார். போனை எடுத்துத் திட்டத்தைத் திருத்தத் தொடங்கினார். நடுவில் விரல் நின்றது.

"மாமா, இறக்கத்துல ஏழாவது காட்சிமுனை, அந்தப் பன்னெண்டாவது வளைவு வருது. பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியுமாம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். அப்ப மட்டும் உங்களை எழுப்பட்டுமா?"

"நடுவழியில நான் யாரையும் எழுப்பினதில்ல, மாப்பிள்ளை. கடைசி ஸ்டாப்புலதான் எழுப்புவோம்."

மகளிடமிருந்து ஏதாவது கேலி வரும் என்று திரும்பிப் பார்த்தார். வரவில்லை. அவள் சாவியைக்கூட எடுக்காமல், கையை முழங்கால் மேலேயே வைத்துக்கொண்டு, தலையைச் சீட்டில் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். வெளியே கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. செருப்புக் கடையும் திறந்தது. வண்டி நின்றிருந்தது தரைத்தளத்தில், அதற்குக் கீழே மாடி இல்லை. கடைசி ஸ்டாப்தான். ஆனாலும் அவர் எழுப்பவில்லை.