நுரைத்த மருந்து

சேரப்பணஞ்சேரி கங்கம்மாளிடம் எதைக் கொடுத்தாலும் கழுவிவிடுவாள். அவள் வீட்டில் நான் பாதிக் காபி குடிப்பதற்குள் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். ஒரகடத்துக் கார் உதிரிபாகக் கம்பெனியில் பதினொரு வருஷம் லைனின் கடைசியில் நின்று, கீறல் விழுந்த பீஸைத் தள்ளிவைத்த கண் அவளுடையது. கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வேலை போயிற்று. அப்புறம் தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பி கழுவும் காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது.

அங்கே சுகப்பிரியா என்ற தென்காசிப் பெண் தாமிரத்திலிருந்து புற்றுநோய் மருந்து செய்துகொண்டிருந்தாள். அது செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும், புற்றுநோய் அணைத்துவைத்த மரபணுக்களை எழுப்பும் என்று நம்பிக்கை. கங்கம்மாளுக்கு அது உடனே புரிந்துவிட்டது.

"ஃபியூஸப் புடுங்கிட்டு, ஆஃப் பண்ணி வெச்ச சுச்சப் போடறது. அவ்ளோதான?"

இரண்டு வருஷமாகத் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்கள் சாகவில்லை, சுகப்பிரியாதான் இளைத்தாள். மனசு கேட்காமல் கங்கம்மாள் எலுமிச்சை வாசனை சோப்பு வாங்கிவந்து, மருந்து கரைக்கும் குப்பிகளைத் தேய் தேய் என்று தேய்த்தாள். அந்த வாரமே, மருந்து போட்ட செல்கள் கூண்டோடு காலி. மருந்து போடாத தட்டுகளில் எல்லாம் சௌக்கியம். பேராசிரியர் சமோசா வாங்கித் தந்தார். திங்கட்கிழமை கட்டுரை அனுப்புவதாக முடிவானது.

வெள்ளிக்கிழமை சுகப்பிரியா குப்பியைக் குலுக்கிக் காட்டினாள்.

"மருந்து வீரியத்தப் பாருங்கக்கா! எப்படி நுரைக்கு!"

கங்கம்மாளுக்குத் திக்கென்றது. அலமாரியில் இருந்த காலிக் குப்பி ஒன்றை முகர்ந்தாள். எலுமிச்சை வாசனை. சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அன்று டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் பேராசிரியர் முன்னால் போய் நின்றாள்.

"சார், லைன நிறுத்துங்க."

"எந்த லைன்மா?"

"செல்ல சாவடிக்கறது மருந்து இல்ல சார். நாந்தான். குப்பில சோப்பு கீது."

வெறும் சோப்புத் தண்ணீரைப் போட்டுப் பார்த்தார்கள். அத்தனையும் செத்தன. பேராசிரியர் கத்திய கத்தலில் அவர் தின்ற சமோசா செரித்திருக்கும். குப்பியை யார், எப்படிக் கழுவுகிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்க்காத மனுஷனுக்குக் கோபம் மட்டும் வருகிறது! கட்டுரை போயிருந்தால் தன் பெயர்தான் நாறியிருக்கும் என்று புரிந்தபிறகு அடங்கினார். கங்கம்மாளின் வேலை தப்பியது. சுகப்பிரியா மட்டும் ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு குப்பியையும் ஏழு தடவை அலசி, கம்பெனியில் செய்ததுபோலப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினாள் கங்கம்மாள். சுகப்பிரியா மருந்தை மாற்றிச் செய்துபார்த்தாள். இரண்டு மாதம் கழித்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"நூத்துக்குப் பதினொண்ணுதான்க்கா செத்திருக்கு."

"அதுக்கா மூஞ்சிய தொங்கப்போட்டுகினு வர்ற? எங்க கம்பெனில மொதல் லாட்ல நூத்துக்கு நாலு பீஸுகூட தேறல."

சுகப்பிரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"இந்தப் பதினொண்ணும் நெசந்தானாக்கா?"

"நெசம்தான். குப்பிய கழுவுனது நானு."